விசில் சார் தட்டாத தோள்

விசில் சாருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது சம்பளப் பட்டியலிலும் கல்யாணப் பத்திரிகையிலும் பத்திரமாக இருக்கிறது. தெருவில் யாராவது அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவர் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருப்பார். விசில் சார் என்றால்தான் திரும்புவார். கழுத்தில் நைலான் கயிற்றில் விசில் எப்போதும் தொங்கும். குளிக்கும்போது கழற்றுவார் என்பது பொதுவான நம்பிக்கை. பார்த்தவர் யாரும் இல்லை.

மனிதர் பிறந்ததே ராணுவத்துக்காகத்தான். ராணுவத்துக்குத்தான் அது தெரியவில்லை. வாலிபத்தில் ஆள் எடுக்கும் இடத்துக்குப் போனபோது டாக்டர் அவரை ஈர மணலில் நிற்கச் சொன்னார். நின்றார். சுவடு செங்கல் பதித்தது போல முழுசாக விழுந்தது. "தம்பி, இது பாதம் இல்ல, இஸ்திரிப் பெட்டி" என்று சொல்லி டாக்டர் அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். நாட்டுக்கு வந்த அந்த நஷ்டம் ஒரு பள்ளிக்கூடத்துக்கு லாபமாயிற்று. அவர் அங்கே உடற்பயிற்சி ஆசிரியராகச் சேர்ந்து, மாணவர் படையைக் கையில் எடுத்துக்கொண்டு, அன்று முதல் எதிரியே இல்லாத ஒரு போருக்குப் பிள்ளைகளைத் தயார் செய்துவந்தார்.

வீட்டில் மட்டும் படைத்தலைமை வேறு கையில் இருந்தது. அவர் மனைவி கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். அந்த மாதிரிக் கார்களில் ஓட்டுபவர் காலடியில் ஒரு பிரேக், பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொடுப்பவர் காலடியில் இன்னொரு பிரேக் என்று இரண்டு இருக்கும். குடும்பமும் அதே அமைப்புதான். விசில் சார் கம்பீரமாக ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருப்பார். எங்கே நிற்கவேண்டுமோ அங்கே வண்டி தானாக நிற்கும்.

"கிரவுண்டுல கத்துறதெல்லாம் கிரவுண்டோட விட்டுட்டு வாங்க" என்பாள். "இங்க யாரும் லெஃப்ட் ரைட் போடறது இல்ல."

இவர்களுக்கு ஒரே மகள். சின்னதாகப் பிறந்ததால் சுண்டு. இப்போது அப்பாவின் தோளைத் தாண்டி வளர்ந்துவிட்டாள், ஆனாலும் சுண்டுதான். அந்த வருஷம் அவளும் மாணவர் படையில் சேர்ந்தாள். வருடாந்தர முகாமுக்குக் கிளம்பும் முன் விசில் சார் அவளை அழைத்து, முழுச் சீருடையில், ஹாலில் டிவிக்கு முன் நிறுத்தி ஒரு உத்தரவு போட்டார்.

"முகாம்ல நான் உனக்கு அப்பா இல்ல. சார். அப்பான்னு ஒரு வார்த்தை வந்துச்சோ, மத்த பசங்க என்ன நினைப்பாங்க?"

"ஏற்கெனவே நினைக்கிறதைத்தான் நினைப்பாங்க" என்றாள் அம்மா, சமையலறையிலிருந்து.

சுண்டு சிரிக்கவில்லை. எதையும் மனசில் எழுதிக்கொள்ளும் பெண். "சரி சார்" என்றாள். விசில் சாருக்கு உச்சி குளிர்ந்தது. கொஞ்சம் என்னவோ போலவும் இருந்தது. அதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

முகாம் நடந்த இடம் கைவிடப்பட்ட ஒரு விமானத் தளம். விமானம் நிறுத்தும் தகரக் கொட்டகைதான் தங்குமிடம். வெளியே ஓடுபாதை, வெடிப்புகளில் புல் முளைத்து, வெயிலில் கானல் அலைய, நீண்டு கிடந்தது. அதன் கோடியில் கம்பிவேலி சாய்ந்து விழுந்திருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் கல் வெட்டி எடுத்த பள்ளம், பச்சைத் தண்ணீர் நிரம்பி, அடி தெரியாமல். "அந்தப் பக்கம் ஒரு ஆள் போகக் கூடாது" என்று முகாமின் கமாண்டன்ட் வந்தவுடனேயே எச்சரித்தார். ஓடுபாதை ஓரத்தில் ஒரு கம்பம், அதில் காற்று வீசும் திசையைக் காட்டும் கிழிந்த துணிப்பை. காற்று இல்லாத நேரத்திலும் அந்தப் பை லேசாக உப்பி, பள்ளத்தின் பக்கமே நீட்டிக்கொண்டிருந்தது. யாரும் அதைக் கவனிக்கவில்லை. கவனிப்பதற்கு அது பாடத்திட்டத்தில் இல்லை.

கமாண்டன்ட் ஓய்வுபெற்ற அதிகாரி. மீசை மட்டும் இன்னும் பணியில் இருந்தது. தொடக்க உரையில் அவர் தேனும் பாலும் பொழிந்தார். "பிள்ளைகளே, நான்ங்கிற வார்த்தையை இந்த வேலிக்கு வெளிய விட்டுட்டு வாங்க. இங்க நான் கிடையாது. நாம! சாப்பிட்டேன் இல்ல, சாப்பிட்டோம்! தூங்கினேன் இல்ல, தூங்கினோம்!"

பக்கத்திலிருந்த மேஜையில் கேடயம் மின்னியது. தலைமைப் பண்புக்கும் குழு உணர்வுக்குமான கேடயம். விசில் சாரின் பள்ளி அதை ஒருமுறைகூடத் தொட்டதில்லை. காரணங்கள் இரண்டும் முன்வரிசையிலேயே நின்றன. ஒருவன் ரேடியோ: அணைக்கும் பொத்தான் இல்லாமல் பிறந்தவன், அட்டென்ஷனில் நின்றுகொண்டே பேசுவான். இன்னொருவன் ரிவர்ஸ்: 'ரைட் டர்ன்' என்றால் அணி முழுவதும் வலப்பக்கம் திரும்ப, இவன் மட்டும் இடப்பக்கம் திரும்பி, பக்கத்திலிருப்பவனை மூக்கோடு மூக்காகச் சந்தித்து, "என்னடா இந்தப் பக்கம்?" என்று கேட்பான்.

ஆனால் இந்த வருஷம் விசில் சாரிடம் ஒரு புது ஆயுதம் இருந்தது. அவரே யோசித்துக் கண்டுபிடித்தது. பெயர்: மறைத் தலைவர்.

அன்று பிற்பகலே பிள்ளைகளை ஓடுபாதையில் ஒரே வரிசையாக நிறுத்தி விளக்கினார். "எல்லாரும் கண்ணை மூடிக்கங்க. நான் பின்னாடி நடந்து வருவேன். ஒருத்தர் தோள்ல மட்டும் தட்டுவேன். அவங்கதான் மறைத் தலைவர். தட்டு வாங்கினவங்க மூச்சு விடக் கூடாது. கண்ணைத் திறந்ததும் அவங்க எதைச் செய்றாங்களோ அதையே எல்லாரும் செய்யணும். யார் ஆரம்பிச்சாங்கன்னு வெளிய இருந்து பார்க்கிறவனுக்குத் தெரியவே கூடாது. இது ஒரு மணி நேர விளையாட்டு இல்ல. முகாம் முடியிற வரைக்கும் இதுதான். கடைசி அணிவகுப்புல நான் தலைவர் பேரைச் சொல்லுவேன். அதுவரைக்கும் விளையாட்டு முடியாது."

"சார், தலைவருக்கு மூக்கு அரிச்சா?" என்று கேட்டான் ரேடியோ.

"எல்லாருக்கும் மூக்கு அரிக்கும். கண்ணை மூடு."

மூடினார்கள். அவர் பூனை போல, அதாவது இஸ்திரிப் பெட்டி மாட்டிய பூனை போல, வரிசையின் பின்னால் நடக்கத் தொடங்கினார். பாதி தூரத்தில் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. மனைவி. எடுக்காமல் விட்டால் வரும் விளைவுகளை யோசித்துவிட்டு, சற்றுத் தள்ளிப் போய் எடுத்தார்.

"சுண்டு சாக்ஸை மறந்து வச்சிட்டுப் போயிட்டா."

"இரும்மா, முக்கியமான கட்டத்துல இருக்கேன். இன்னும் தட்டக்கூட இல்ல. வை."

"எதைத் தட்டல?"

"வைம்மா."

வைத்தார். திரும்பி வந்தார். பிள்ளைகள் கண்ணை மூடியபடி அசையாமல் நின்றிருந்தார்கள். ரேடியோவின் உதடுகூட அசையவில்லை. அந்த அமைதியில் விசில் சார் வரிசைக்கு முன்னால் போய் நின்று, வீறாப்பாக, "கண்ணைத் திற. தலைவருக்குத் தான் யாருன்னு தெரியும். ஆரம்பி" என்றார்.

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு எல்லாத் தலைகளும் மெல்ல, ஒரே வேகத்தில், ஓடுபாதையின் கோடியை நோக்கித் திரும்பின. ரிவர்ஸின் தலையும் சரியான பக்கம் திரும்பியது.

விசில் சார் வாயைப் பிளந்தார். ஆனந்தத்தில்தான்.

அதன் பிறகு நடந்தவை பயிற்சி வரலாற்றில் பொன்னெழுத்தில் பொறிக்கத்தக்கவை. கயிறு இழுக்கும் போட்டியில் எதிர் அணி கத்திக்கொண்டு இழுத்தது. விசில் சாரின் அணி சத்தமில்லாமல் ஒரே இழுப்பில் எதிர் அணியைத் தரையில் கிடத்திவிட்டு, ஒரே நேரத்தில் கயிற்றைக் கீழே விட்டது. கூடாரம் அடிக்கும் போட்டியில் சுத்தியலை யாரும் கேட்கவில்லை; கை நீட்டினால் சுத்தியல் அதில் வந்து உட்கார்ந்தது. மற்ற ஆசிரியர்களுக்கு முகத்தில் ஈயாடவில்லை. கமாண்டன்ட் விசில் சாரின் முதுகில் தட்டித் தட்டியே அவர் சட்டையைக் கசக்கிவிட்டார்.

குறை சொன்ன ஒரே ஆள் சமையல்காரர். அவர் கரண்டியோடு வந்து விசில் சாரை ஓரமாக இழுத்தார்.

"சார், உங்க பசங்களைக் கொஞ்சம் சண்டை போடச் சொல்லுங்க."

"ஏன்பா?"

"நான் கல்யாண வீடு, ஜெயில், ஆஸ்பத்திரின்னு எல்லா இடத்துலயும் சமைச்சவன். ஜெயில்லகூட எனக்குப் பெரிய துண்டு, உனக்கு சின்னத் துண்டுன்னு அடிச்சுக்குவாங்க. இதுங்க ஸ்பூனை ஒண்ணா எடுக்குதுங்க, ஒண்ணா மெல்லுதுங்க, ஒண்ணா வைக்குதுங்க. ணங்னு ஒரே சத்தம்."

"அதுக்குப் பேர்தான் ஒழுக்கம்."

"இருக்கலாம். அப்போ எதுக்கு மேஜைத் தலைப்புல ஒரு இடத்தைக் காலியா விட்டுட்டு உட்கார்றாங்க? அங்க ஒரு தட்டு வேற வைக்கச் சொன்னாங்க. வச்சேன். யாரும் தொடல. ஆனா சூடா வச்ச சாப்பாடு, நான் திரும்பி வர்றதுக்குள்ள ஐஸ் மாதிரி ஆறிப்போச்சு."

"ஃபேனுக்குக் கீழ வச்சிருப்பீங்க" என்றார் விசில் சார். கொட்டகையில் ஃபேன் கிடையாது என்பது சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கு உறைத்தது.

அன்று மனைவிக்குப் போன் போட்டு, சாதனைகளை அவிழ்த்துவிட்டார். பொறுமையாகக் கேட்ட அவள், "அது சரி, யாரைத் தட்டினீங்க?" என்றாள்.

"அதைச் சொல்லக் கூடாது."

"எங்கிட்டகூடவா?"

"இல்ல, அது வந்து..." என்று ஆரம்பித்து விசில் சார் நின்றுவிட்டார். யாரைத் தட்டினோம்? ஒரு தோளும் நினைவுக்கு வரவில்லை.

"நான் போன் பண்ணப்ப, இன்னும் தட்டக்கூட இல்லன்னு சொன்னீங்களே. அப்புறம் தட்டினீங்களா?"

அவர் கண்ணை மூடி யோசித்தார். பின்னால் நடந்தது ஞாபகம் இருந்தது. போனை எடுத்தது ஞாபகம் இருந்தது. திரும்பி வந்தபோது வலது கையில் போன் இருந்தது, இடது கை விசிலைப் பிடித்திருந்தது. மூன்றாவது கை அவருக்கு இல்லை.

"தட்டல" என்றார்.

மறுமுனையில் காரின் இண்டிகேட்டர் டிக் டிக் என்று கேட்டது. "அப்போ அதுங்க யாரைப் பார்த்து ஆடுதுங்க?"

விசில் சார் கொட்டகைப் பக்கம் எட்டிப் பார்த்தார்.

"போய் உடனே சொல்லிடுங்க."

"சொல்றேன். கேடயம் கிட்டத்தட்டக் கைக்கு வந்துடுச்சு. பரேடு முடிஞ்சதும் சொல்லிடறேன்."

"வண்டி தப்பான வழியில போகுதுன்னு தெரிஞ்சா அங்கயே பிரேக்கை மிதிக்கணும். வீட்டுக்குப் போய் மிதிக்கிறேன்னா எப்படி? சுண்டும் அந்த வண்டிக்குள்ளதானே இருக்கா?"

விசில் சார் மனைவி பேச்சை முழுவதும் கேட்பவரும் இல்லை, முழுவதும் தட்டுபவரும் இல்லை. நடுவில் ஒரு தந்திரம் செய்தார். ரேடியோவைத் தனியே கூப்பிட்டு, தோளில் பலமாகவே தட்டி, "இப்போலேர்ந்து நீதான் மறைத் தலைவன். பழைய தலைவர் மாறியாச்சு" என்றார்.

ரேடியோ அவரைப் பார்த்துப் பணிவாகச் சிரித்தான். அவன் இவ்வளவு நேரம் பேசாமல் இருந்து அவர் பார்த்ததில்லை. "அவங்க மாறலையே சார்" என்றான்.

"எவங்க?"

"அதைச் சொல்லக் கூடாதுன்னு நீங்கதானே சார் சொன்னீங்க."

அவன் திரும்பி நடந்து தன் கூட்டத்தோடு சேர்ந்துகொண்டான். அவர்கள் ஓடுபாதையில் உட்கார்ந்திருந்தார்கள், எல்லோரும் ஒரே திசையைப் பார்த்தபடி. சாய்ந்த வேலி இருந்த திசை.

கடைசி நாள் அணிவகுப்புக்குக் கொஞ்சம் முன், குழாயடியில் சுண்டு தனியாக நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். விசில் சார் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு அருகே போனார். தன் உத்தரவைத் தானே மீறினார்.

"சுண்டு, சாப்பிட்டியாம்மா?"

"சாப்பிட்டோம் சார்."

"நான் உன்னைக் கேட்டேன்."

"சாப்பிட்டோம் சார்."

"சாக்ஸ் இல்லாம கால் கடிக்குதா?"

"கடிக்கலை சார். எங்களுக்கு ஒண்ணுமே தெரியலை சார்."

அவள் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். குதிகாலில் ஷூ உரசித் தோல் உரிந்து ரத்தம் கட்டியிருந்தது. வீட்டில் கொசு கடித்தால் தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்துகிற பிள்ளை. அவள் புறங்கையால் வாயைத் துடைத்தாள். தற்செயலாகக் கொட்டகைப் பக்கம் திரும்பிய விசில் சார், நிழலில் வரிசையாக நின்ற அத்தனை பிள்ளைகளும், கையில் டம்ளர் இல்லாமலே, புறங்கையால் வாயைத் துடைப்பதைப் பார்த்தார்.

"சுண்டு, இங்க பாரு. அன்னைக்கு நான்..."

"வாங்க வாங்க, நம்ம ஹீரோ!" கமாண்டன்ட்டின் கை அவர் தோளில் விழுந்தது. கூடவே மாலை போட்ட சிறப்பு விருந்தினர். "ஐயா, இவர்தான். இவர் பசங்கதான். கேடயத்துல பேரே பொறிச்சாச்சு."

விசில் சார் தொண்டை வரை வந்ததை விழுங்கினார். பெரிதாக ஒன்றுமில்லை, ஒரு வாக்கியம்தான். விழுங்கியதும் அது உள்ளே கல் மாதிரி கிடந்தது. திரும்பிப் பார்த்தபோது சுண்டு வரிசையில் போய் நின்றுவிட்டாள்.

அணிவகுப்பு உச்சி வெயிலில். மற்றப் பள்ளிகள் எப்போதும் போல் வந்தன: கால் மாறிப் போட்டவன், தொப்பி விழுந்தவள், சல்யூட் அடிக்கும்போது தும்மியவன். கடைசியாக விசில் சாரின் அணி. மூன்று வரிசை. முன்னால் அணித்தலைவர் நடக்க வேண்டிய இடத்தைக் காலியாக விட்டு, அந்தக் காலி இடத்தின் பின்னால் வந்தார்கள். ஒரே காலடிச் சத்தம். மேடையைத் தாண்டும்போது அத்தனை கழுத்துகளும் ஒரே வெட்டாகத் திரும்பின. சிறப்பு விருந்தினர் எழுந்தே நின்றுவிட்டார்.

மேடையைக் கடந்ததும் அணி நிற்க வேண்டும். விசில் சார் விசிலை ஊதினார்.

நிற்கவில்லை.

"ஸ்குவாட், ஹால்ட்!"

காலடிகள் சீராகக் கொடிக் கம்பத்தைத் தாண்டி, கிழிந்த துணிப்பையைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன. ஓடுபாதையின் கோடியை நோக்கி. வேலியை நோக்கி.

"அற்புதம்!" மைக்கில் கமாண்டன்ட் முழங்கினார். "கவனியுங்க, கட்டளையே இல்லாம நடக்கிறாங்க! இதுதான் குழு உணர்வு!" கைதட்டல் அலை அலையாக எழுந்தது.

விசில் சார் ஓடினார். ராணுவம் வேண்டாம் என்று தள்ளிய அந்தப் பாதங்கள் சிமெண்டில் தப் தப் என்று அறைந்தன. விசிலை ஊதிக்கொண்டே ஓடினார். பின்னால் கைதட்டல் கூடியது, இதுவும் நிகழ்ச்சியில் ஒரு அங்கம் என்று. அணியின் பக்கவாட்டில் ஓடியபடி ரிவர்ஸின் சட்டையைப் பிடித்து இழுத்தார். சட்டை கிழிந்தது, பையன் நிற்கவில்லை. சுண்டுவின் கையைப் பிடித்தார். கை அவர் பிடியிலிருந்து, கோபமே இல்லாமல், தண்ணீர் போல வழுக்கிக்கொண்டு போயிற்று. அவள் கண்கள் முன்னால் எதையோ பார்த்துக்கொண்டிருந்தன. தன் முகத்தின் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே. உயரமான ஒருவரின் பின்தலையைப் பார்ப்பது போல.

வேலி வந்துவிட்டது. அவருக்கு வேறு வழி தெரியவில்லை. முன்னால் ஓடி, அந்தக் காலி இடத்துக்குள் புகுந்து, அணியைப் பார்த்து நின்றார்.

உச்சி வெயிலில், அந்த இடத்துக்குள் மட்டும், ஐஸ் பெட்டியைத் திறந்தது போல் இருந்தது. அதைவிட மோசம், அவர் நிற்கவில்லை. நிற்கத்தான் நினைத்தார். ஆனால் அவர் கால்கள் பின்னோக்கி நடந்தன, லெஃப்ட், ரைட், அணியோடு அச்சுப் பிசகாமல். தரை சிமெண்டிலிருந்து மண்ணாயிற்று. சாய்ந்த கம்பிவேலி காலுக்கடியில் முனகியது. பின்னால் எங்கோ கீழே, குழிக்குள் ஒரு கல் விழுந்து, தாமதமாகத் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. வாழ்க்கையில் முதன்முறையாக அவருக்கு அந்த இரண்டாவது பிரேக்கின் அருமை புரிந்தது.

"சுண்டு! நான் அப்பாம்மா!"

லெஃப்ட், ரைட்.

அப்போதுதான், விழுங்கிவைத்த கல் தானாக வாய்க்கு வந்தது.

"நான் யாரையும் தட்டல!" என்று கத்தினார். குரல் பிளந்தது. "கேளுங்க! போன் வந்துச்சு, மறந்துட்டேன்! உங்கள்ல யாரையும் நான் தட்டல! தலைவர்னு ஒருத்தர் இல்லவே இல்ல! கேடயத்துக்காக வாயை மூடிக்கிட்டு இருந்தேன்! விளையாட்டு முடிஞ்சுது! டிஸ்மிஸ்!"

காலடிகள் நின்றன. எல்லாம் ஒன்றாக அல்ல. தடதடவென்று, முன்னும் பின்னும் மோதிக்கொண்டு, ஒருவன் மேல் ஒருவன் சாய்ந்து, அலங்கோலமாக நின்றன. விசில் சாரின் காதுக்கு அதைவிட இனிய சத்தம் பிறகு எப்போதும் கேட்டதில்லை. அவருடைய குதிகால்களுக்கு அடியில் மண் இல்லை. நுனிக்கால்கள் மட்டும் விளிம்பில் இருந்தன. தட்டைப் பாதம் என்பதால்தான் பிடித்துக்கொண்டது என்று அவர் இன்றும் சொல்வார்.

"ஆ, என் கால்!" என்று அலறினாள் ஒருத்தி. சுண்டுதான். "அப்பா, சாக்ஸ் இல்லாம காலெல்லாம் எரியுதுப்பா!"

அவர் தாவி வந்து அவளைக் கட்டிக்கொண்டார்.

"சார், என் சட்டையைக் கிழிச்சது யாரு?" என்றான் ரிவர்ஸ், தப்பான பக்கம் திரும்பி.

"ஆனா சார்" என்று ரேடியோ ஆரம்பித்துவிட்டான், "நீங்க தட்டலைன்னு எப்படி சார் சொல்றீங்க? என்னைத்தானே தட்டினீங்க? நான்தானே தலைவர்? நான் எவ்ளோ கஷ்டப்பட்டு ரகசியமா வச்சிருந்தேன் தெரியுமா?"

"போடா, என்னைத் தட்டினார்" என்றான் ரிவர்ஸ்.

"என்னை."

"இல்ல, என்னைத்தான்!"

ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோரும் தட்டு வாங்கியிருந்தார்கள். தலைமை என்றால் யாருக்குத்தான் ஆசை இல்லை என்று விசில் சார் தன்னைத் தேற்றிக்கொள்ளப் பார்த்தார். அப்போது சுண்டு அவர் சட்டைக்குள் முகத்தை வைத்தபடி, அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"என்னையும்தான்பா. கை சில்லுன்னு இருந்துச்சு. உங்க கை எப்பவும் சூடா இருக்குமேன்னு தோணுச்சு."

"அப்பவே ஏம்மா சொல்லல?"

"முகாம்ல நீங்க அப்பா இல்ல, சார்னு சொன்னீங்களே. சார் கை அப்படித்தான் இருக்கும் போலன்னு நினைச்சுக்கிட்டேன்."

கேடயத்தை வாங்க மாட்டேன் என்று விசில் சார் சொல்லிப் பார்த்தார். நடந்ததை ஒளிக்காமல் கமாண்டன்ட்டிடம் ஒப்புவித்தார். கமாண்டன்ட் மீசையைத் தடவிக்கொண்டு கேட்டுவிட்டு, கண் கலங்கி, "தலைவரே இல்லாம ஒரு அணியை நடத்திக் காட்டியிருக்கீங்க. தலைமைப் பண்புல இதுக்கு மேல ஒரு படி கிடையாது" என்று அவர் கையில் கேடயத்தைத் திணித்துவிட்டார். உண்மைக்கு அந்த மேடையில் அவ்வளவுதான் மரியாதை. கேடயம் இப்போது தலைமையாசிரியை அறையில் இருக்கிறது. அந்த அறையில் கோடையிலும் ஏசி தேவைப்படுவதில்லை என்று தலைமையாசிரியை பெருமையாகச் சொல்கிறார்.

திரும்பி வந்த பேருந்தில் பிள்ளைகள் ஜன்னல் சீட்டுக்கு அடித்துக்கொண்டார்கள். ரேடியோ தொண்டை கட்டும் வரை பேசினான். விசில் சார் அந்தக் கூச்சலில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். பாதி வழியில் திடுக்கிட்டு நிமிர்ந்தார். ஒரு பயிற்சி ஆசிரியருக்கு மட்டுமே வரக்கூடிய சந்தேகம் அது. பள்ளத்தின் விளிம்பில் அவர் டிஸ்மிஸ் சொன்னது அணியைப் பார்த்து. அணிக்கு முன்னால் நின்றவருக்கு யார் டிஸ்மிஸ் சொன்னது?

அதனால்தான் இப்போதெல்லாம் மாலைப் பயிற்சி முடிந்து, பிள்ளைகளைக் கலையச் சொன்ன பிறகும், விசில் சார் மைதானத்தை விட்டுப் போவதில்லை. எல்லோரும் போனபின் காலி மைதானத்தைப் பார்த்து இன்னொரு தடவை "டிஸ்மிஸ்" என்பார். பிறகு ஒரு சல்யூட். தன்னைவிடப் பெரிய தலைவருக்கு சல்யூட் அடிப்பது விதி. மற்ற ஆசிரியர்கள் மனிதருக்கு வெயில் தலைக்கேறிவிட்டது என்கிறார்கள். வேறு ஒரு மாற்றமும் உண்டு. இப்போது யார் தோளிலும் கை வைக்கும் முன், "நான்தான்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் வைப்பார்.

ஒருநாள் அவர் சல்யூட் அடித்துவிட்டு வந்தபோது, பள்ளி வாசலில் மனைவியின் கார் நின்றது. சுண்டு பின் சீட்டில், நடுவில் உட்கார்ந்து, ஜன்னல் வழியே மைதானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாருக்கு சல்யூட்டு?" என்றாள் மனைவி. "ஒருத்தரையும் காணோம்."

"பழக்கம்" என்றார் விசில் சார். முன் கதவைத் திறந்தவர் அப்படியே நின்றார். பின் சீட்டில் சுண்டு, யாரும் கேட்காமலே, பையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு ஓரமாக நகர்ந்து உட்கார்ந்தாள். பஸ்ஸில் ஏறி வருபவருக்கு இடம் விடுவது போல.

அவர் முன் கதவை மூடினார். பின் கதவைத் திறந்து, அவள் விட்ட இடத்தில் தானே போய்ப் பொத்தென்று உட்கார்ந்தார். நாள் முழுவதும் வெயிலில் நின்ற கார். சீட் ஈரத்துணி போலச் சில்லென்று இருந்தது. அவர் நகரவில்லை.

"என்னங்க, முன்னாடி இடம் இருக்கே?"

"இங்கயே இருக்கேன். நீ ஓட்டு. பிரேக்குல கால் வச்சே ஓட்டு."

கார் கிளம்பியது. விசில் சார் கையை நீட்டினார். "நான்தான்" என்று சொல்லிவிட்டு, மகளின் இடத் தோளில் வைத்தார்.

சுண்டு ஜன்னலிலிருந்து திரும்பவில்லை.

"தெரியும்பா" என்றாள். "இந்தக் கை சூடா இருக்கு. இது உங்களோடது."